ஒத்து

தமிழில் ஒருவனைச் சிறுமைப்படுத்தக் கைவசம் இருக்கும் வசவுகளில் 'ஒத்து ஊதுகிறவன்' என்பது ஒன்று. சுயபுத்தியற்றவன், இன்னொருவன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்று பொருள் கொள்கிறோம். கட்சிக்காரன்மீதும் விமர்சகன்மீதும் எறிந்து எறிந்து தேய்ந்துபோன சொல். இதன் நியாயத்தில் எனக்கு நெடுநாளாகச் சந்தேகம்.

ஒத்து, நாகஸ்வரம் போன்ற தோற்றம் கொண்டது. விரல் துளைகள் கிடையாது. அடிப்பகுதியில் உள்ள சில துளைகளை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதி சேர்ப்பார்கள். பெரும்பாலும் வீட்டுப் பையனோ புதுச் சிஷ்யனோதான் வாசிப்பான். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியேறிக்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சிழுத்து, ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்கில் அறாமல் பிடிக்கவேண்டும். இவன் யாருக்குத் தலையாட்டுகிறான்? நாகஸ்வரக்காரர் தோடியில் எங்கே அலைந்தாலும் இவன் இருந்த இடத்திலேயே இருக்கிறான். அவர் ஸ்வரம் பிசகினால் இவனும் சேர்ந்து பிசகுவதில்லை. பிசகியதைச் சபைக்குக் காட்டிக்கொடுப்பதே இவன்தான். தலையாட்டியாக இருந்தால் அவர் பின்னாலேயே ஓடியிருக்கவேண்டும். வசவு தலைகீழாக நிற்கிறது.

இதே வேலையைத் தோல்பை கொண்டு செய்தது துத்தி. சுருதி உபாங்கம் என்றும் பெயர். ஆட்டுத்தோலைக் கீறாமல் முழுதாக உரித்து, திறப்புகளைக் கட்டி, ஒன்றில் ஊதுகுழலும் இன்னொன்றில் நாணல் நாக்குள்ள சுருதிக்குழலும் செருகுவார்கள். பை நிரம்பிவிட்டால் ஊதுகிறவன் மூச்சு வாங்கிக்கொள்ளலாம். கையிடுக்கின் அழுத்தத்தில் ஒலி தொடரும். சின்ன மேளத்தில் முகவீணைக்குத் துணையாக, சதிர் ஆடும் பெண்ணின் பின்னால் நின்று ஒலித்தது இது. ஸ்காட்லாந்துக்காரர் தம் சொத்துப்போல் பாவிக்கும் பேக்பைப்பும் இந்தக் குடும்பம்தான். (ரோமச் சக்கரவர்த்தி நீரோ, தோல்பைக் குழல் வாசிப்பதாக நேர்ந்துகொண்டதை ஸுவெடோனியஸ் எழுதியிருக்கிறான்.) அவர்கள் பையில் ராகக் குழலும் சுருதிக் குழல்களும் சேர்ந்தே இருக்கும். நம்முடையதில் சுருதி மட்டும்.

ஒத்துக்காரன் தலையாட்டி அல்ல என்றால், தன் ஒலிக்கு அவன் பொறுப்பாளியும் ஆகிறான். இங்கேதான் விவகாரம் கடினமாகிறது. ஜேம்ஸ் ரீட் என்ற பேக்பைப்காரர் 1745இன் ஜாகோபைட் கலகத்தில் பிடிபட்டவர். நான் ஆயுதம் எடுக்கவில்லை, குழல்தான் ஊதினேன் என்பது அவர் தரப்பு. ஹைலண்ட் படை குழலில்லாமல் அணிவகுத்ததே இல்லை, ஆகவே சட்டத்தின் கண்ணில் குழலும் போர்க்கருவியே என்றது நீதிமன்றம். 1746 நவம்பரில் யார்க் நகரில் தூக்கிலிட்டார்கள். குரூரமான தீர்ப்பு, எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் ஒரு மனிதனின் மூச்சை அவனுடைய செயலாக எடுத்துக்கொண்ட தீர்ப்பு. நம் வசவோ அவனை ஆளாகவே மதிப்பதில்லை. மதிக்காததில் ஒரு சௌகரியம் இருக்கிறது. 1975-77இல் நெருக்கடி நிலையின்போது பத்திரிகைகளின் அச்சுப்படிகளில் வரிகளை அடித்துத் தள்ளிய தணிக்கைக்காரர்கள் இருந்தார்கள். உத்தரவு மேலிருந்து வந்தது என்பது போதுமான பதிலாக இருந்தது. ஒத்துதானே ஊதினோம்!

துத்தியை யாரும் தடை செய்யவில்லை. 1930களில் சதிர், பரதநாட்டியமாகி மேடையேறியது; பின்னால் நின்றவர்கள் பக்கவாட்டில் உட்கார்த்தப்பட்டார்கள்; துத்தியின் இடத்துக்குச் சுருதிப்பெட்டி வந்தது. நாகஸ்வரக் கோஷ்டியிலும் ஒத்து போய்ப் பெட்டி, பிறகு மின்சாரப் பெட்டி.

எங்கள் பக்கத்தில் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலில் ஆடிக் கடைசி வெள்ளிக்கு, அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடுமிடத்தில், நேர்ந்துவிட்ட ஆடுகள் விழுகின்றன. தோலெல்லாம் வியாபாரிக்கு. அதில் ஒன்றுகூடத் துத்தியாகப் போவதில்லை. இதற்காக நான் அழவில்லை. ராத்திரி முழுக்கக் கன்னம் வீங்க ஊதிய பையன் இன்று பள்ளிக்கூடத்தில் இருப்பான், அது நல்லதுதான். ஆனால் அந்தப் பையனால் நிறுத்த முடிந்திருக்கும். வாயை எடுத்துவிட்டு, இனி மாட்டேன் என்று எழுந்து போயிருக்க முடியும். போகாமல் ஊதினான் என்பதில்தான் அந்த ஸ்வரத்துக்கு ஒரு கனம் இருந்தது. மேளக்காரர்கள் பந்தலுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருக்க, நாற்காலியின்மேல் பெட்டி தன்பாட்டுக்கு ஒலித்துக்கொண்டிருந்ததைப் போன ஆடியில் பார்த்தேன். நான்தான் போய் அணைத்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.