வறண்ட நாளின் வேதவாசிப்பு

காலையில் எழுந்ததும் பைபிளின் ஒரு பகுதியை வாசித்த பின்னரே மற்ற அலுவல்களைத் தொடங்கும் வழக்கம் கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருகிறது. சீர்திருத்தத் திருச்சபையினரின் பைபிளில் 1,189 அதிகாரங்கள் உள்ளன. நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு அதிகாரங்கள் வீதம் வாசித்தால் ஓராண்டில் முழுவதையும் முடித்துவிடலாம். கணக்கு எளிது, கடினம் வேறிடத்தில் இருக்கிறது. நாள் தவறாமல் வாசிப்பவருக்கும் உள்ளம் ஒட்டாத நாள்கள் வந்தே தீரும். கண்கள் வரிகளில் ஓடும். மனமோ கடன் பாக்கியையும் அலுவலகச் சச்சரவையும் சுற்றிக்கொண்டிருக்கும். அத்தகைய நாளில் வேதத்தைக் கையில் எடுப்பது இறைவனை ஏமாற்றுவது ஆகாதா? உதட்டால் நெருங்கி உள்ளத்தால் விலகி நிற்போரை ஏசாயா தீர்க்கதரிசி கண்டித்தார். ஏசுபிரானும் அதையே எடுத்துக் கூறினார். ஆகவே, மனம் கனிந்த நாளில் மட்டும் வாசிப்பதே நேர்மை என்பார் உண்டு. இந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது.

ஸ்காட்லாந்தின் டண்டீ நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்செயின் இதை நன்கு உணர்ந்திருந்தார். 1842-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் சபையாருக்காக ஒரு வாசிப்பு அட்டவணையை வகுத்தார். ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒருமுறையும், புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இருமுறையும் நிறைவு செய்யும் அட்டவணை அது. இன்றும் உலகின் பல பகுதிகளில் பலர் அதைப் பின்பற்றுகின்றனர். அதன் முன்னுரையில் அவர் நன்மைகளுக்கு முன்பாக ஆபத்துகளையே வரிசைப்படுத்தினார்: வாசிப்பு வெறும் சடங்காகலாம், முடித்துவிட்டோம் என்ற தற்பெருமை தலைதூக்கலாம், கவனமின்றிப் பக்கங்கள் புரளலாம், சிலருக்கு அது சுமக்க மாட்டாத நுகமாகவும் ஆகலாம். மருந்தைக் கொடுப்பவரே அதன் பக்கவிளைவையும் சொல்லிவிடுவது போன்ற நேர்மை அது. அந்த ஆண்டின் வாசிப்பை நிறைவு செய்ய அவருக்கு ஆயுள் இருக்கவில்லை. 1843 மார்ச் 25 அன்று, தமது 29-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

ஆபத்துகள் இவ்வளவு இருந்தும் அவர் அட்டவணையைக் கைவிடவில்லை. காரணம் விளங்கக்கூடியதே. மனநிலையை அளவுகோலாக்கினால் வேதம் மனநிலைக்குக் கீழ்ப்பட்டதாகிவிடும். விரும்பியபோது அழைத்து, விரும்பாதபோது அனுப்பிவிடும் பணியாளாக அது மாறிவிடும். பாலைவனத்தில் இஸ்ரவேலர் மன்னாவை அன்றன்று சேகரிக்க வேண்டியிருந்தது. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் நீங்கலாக, மறுநாளுக்கென எடுத்து வைத்தது புழுத்துப் போயிற்று. முந்தைய ஆண்டின் பரவசத்தைக் கொண்டு இன்றைய நாளை ஓட்ட நினைப்பவருக்கு அந்நிகழ்ச்சி நல்ல பாடம்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கேள்வியை மிகக் கூர்மையாக எதிர்கொண்டவர் ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோபர். திருச்சபை நாஜி அரசின் பிடிக்குள் செல்லலாகாது என எதிர்த்து நின்றோர், ஸ்டெட்டின் நகருக்கு அருகே ஃபின்கன்வால்டேயில் 1935 முதல் போதகர் பயிற்சிக் கூடம் ஒன்றை நடத்தினர். அதன் பொறுப்பு அவரிடம் இருந்தது. அங்கே ஒவ்வொரு காலையும் அரைமணி நேர மௌன தியானம். ஒரு வாரம் முழுவதும் அதே வேதப்பகுதிதான். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுப்பது அதன் நோக்கமன்று. மாணவர்கள் முணுமுணுத்தனர். சிலருக்கு உறக்கம் வந்தது. சிலருக்கு எண்ணம் எங்கெங்கோ அலைந்தது. போன்ஹோபர் நியமத்தைத் தளர்த்தவில்லை; அதே சமயம் அவர்களைக் கடிந்து விரட்டவும் இல்லை. எண்ணம் எந்த மனிதரிடம், எந்த நிகழ்ச்சியிடம் ஓடுகிறதோ அதையே பிரார்த்தனைக்குள் கொண்டுவந்து, பிறகு அமைதியாக வசனத்துக்குத் திரும்பலாம் என்பது அவர் காட்டிய வழி. அலையும் மனத்தோடு அமர்வது போலித்தனமன்று; அலைகிறது என்பதை அறிந்தும் அங்கேயே அமர்ந்திருப்பது ஒருவகை உண்மை. 1937-இல் ரகசியக் காவல் துறை அக்கூடத்தை மூடியது. அதன் பின்னரும், சிதறிய மாணவர்களுக்குத் தியானத்திற்குரிய பகுதிகள் கடிதங்களில் சென்றுகொண்டிருந்தன.

1939 ஜூனில் போன்ஹோபர் நியூயார்க்கில் இருந்தார். நண்பர்கள் முயன்று அவரை ஜெர்மனியிலிருந்து பாதுகாப்பாக வெளியே அழைத்திருந்தனர். ஆனால் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. திரும்பிச் செல்லும் முடிவை ஜூன் 20 அன்று தெரிவித்தார். ஜூன் 26 அன்று, குளிர்காலத்திற்குள் வந்து சேருமாறு தீமோத்தேயுவைப் பவுல் அழைக்கும் வசனம் தற்செயலாக அவர் கண்ணில் பட்டது. அது நாள் முழுவதும் தம்மைத் தொடர்ந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். ஜூலையில் கப்பலேறினார். 1943-இல் கைதாகி, 1945 ஏப்ரல் 9 அன்று ஃப்ளோஸன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார்.

இதைக் குறி கேட்பதோடு குழப்பிக்கொள்ளலாகாது. நெருக்கடி வந்த நாளில் மட்டும் பைபிளைத் திறந்து, விரல் பட்ட வரியைக் கட்டளையாகக் கொள்பவர் வேதத்தைக் கிளி எடுத்துத் தரும் சீட்டாக்குகிறார். போன்ஹோபரின் முடிவை அந்த வசனம் உண்டாக்கவில்லை. முடிவு முன்பே பிறந்துவிட்டது. பல்லாண்டு வாசிப்பினால் அக்குரலோடு பழகியிருந்த செவிக்கு, பவுலின் ஒரு சாதாரண வேண்டுகோளும் தனக்கே உரியதாகக் கேட்டது. அத்தகைய செவி ஒரே நாளில் அமைவதில்லை. எதுவும் கேளாத எத்தனையோ காலைகள் அதன் பின்னே இருந்திருக்க வேண்டும்.

எனினும் வாசிப்புப் பழக்கம் மட்டுமே ஒருவரைக் காத்துவிடும் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. அதே ஜெர்மனியில் நாள்தோறும் வேதம் வாசித்த இல்லங்கள் பல, யூத அண்டை வீட்டாருக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டும் வாய் திறவாதிருந்தன. வசனத்தைக் கேட்டு அதன்படி செய்யாதவன், கண்ணாடியில் முகம் பார்த்து உடனே மறந்துவிடுபவனுக்கு ஒப்பானவன் என்று யாக்கோபு தம் நிருபத்தில் சொல்வது இதைத்தான். யூதர்மீது விழுந்த சாபமே இது என்று விளக்கம் கூறியவர்களும் கிறிஸ்தவரிடையே இருந்தனர். அவர்களும் பைபிள் வாசித்தவர்களே.

1938 நவம்பர் 9 இரவு நாடெங்கும் யூத ஜெபாலயங்கள் தீக்கிரையாயின. போன்ஹோபரின் பைபிளில் 74-ஆம் சங்கீதத்தில், தேசத்தின் ஆலயங்கள் எரிக்கப்பட்டதைப் புலம்பும் வரியின் அருகே, அந்த நாளின் தேதியை அவர் தம் கையால் குறித்து வைத்திருக்கிறார்.