கையொப்பமும் கைவிலங்கும்

அடிமை என்பவன் யார்? விலை கொடுத்து வாங்கப்பட்டவன் மட்டுமா? இவ்வினாவுக்கு விடை காண, அமெரிக்காவின் பருத்தி வயல்களோடு நம் தோட்டங்களையும் ஒப்புநோக்குதல் நன்று.

வர்ஜீனியாவிற்கு 1619-இல் ஆப்பிரிக்கர் கொண்டுவரப்பட்டனர். 1860-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 இலட்சம் அடிமைகள் இருந்தனர். அவர்கள் விளைவித்த பருத்தியே அந்நாட்டு ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேலாயிற்று. அங்கே மனிதன் பிறருடைமை. அவன் பெற்ற மகவும் பிறருடைமை. உள்நாட்டுப் போரின் முடிவில், 1865-இல்தான் அக்கொடுமை சட்டத்தால் நீக்கப்பட்டது.

பிரித்தானியப் பேரரசு அடிமை முறையை ஒழிக்க 1833-இல் சட்டம் இயற்றியது. ஆயினும் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! விலைச்சீட்டு மறைந்தது, ஒப்பந்தச் சீட்டு வந்தது. மலாயாவின் கரும்பு, காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் தமிழர் சஞ்சிக்கூலிகளாக வந்தனர். கப்பற் செலவு அவர்கள் தலையில் கடனாக ஏறியது. ஒப்பந்தக் காலம் முடியுமுன் தோட்டத்தை விட்டு ஓடுதல் தண்டனைக்குரிய குற்றம். 1910-இல் இம்முறை ஒழிந்தது. கங்காணி வழி ஆள் திரட்டுவதோ 1938 வரை நீடித்தது.

“அவர்கள் விரும்பித்தானே வந்தார்கள்?” என்பார் உளர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பசித்தவன் இட்ட கைநாட்டு விருப்பத்தின் அடையாளமாகுமா? மறுத்தால் பட்டினி என்ற நிலையில் பெற்ற இசைவு, முழு இசைவாகாது.

எனினும் உண்மைக்கு மாறாக உரைத்தல் தகாது. சஞ்சிக்கூலி விற்கப்படவில்லை; அவன் பிள்ளை எவருக்கும் உடைமையாகவில்லை; ஒப்பந்தத்திற்கு ஒரு முடிவும் இருந்தது. இரண்டையும் ஒன்றென்றால் அமெரிக்க அடிமையின் துயரைக் குறைத்தவர்களாவோம். தொடர்பே இல்லையென்றால் நம் முன்னோரின் துயரை மறைத்தவர்களாவோம்.

சட்டம் விடுவித்த பின்னும் தளை முற்றும் அறுந்ததா? 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சீனருக்கு ஈடான ஊதியம் கேட்டனர். கள்ளுக்கடைகளை மூடக் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கூலியோடு மானத்தையும் கேட்ட அவர்களுக்குத் துப்பாக்கிச் சூடே விடையாயிற்று, உயிர்கள் பலியாயின. மறுக்கும் உரிமையே விடுதலையின் உரைகல் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

கோலகுபு பாருவுக்கு வடக்கே, பெருஞ்சாலையை ஒட்டிய நம் கெர்லிங் வட்டாரத்திலும் பால்மரம் வெட்டித் தேய்ந்த கைகள் பல. இன்று நாட்டின் தோட்டங்களில் பெரும்பகுதி செம்பனை. உழைப்போருள் பலர் வங்காளதேசம், இந்தோனேசியா, நேப்பாளம் முதலிய நாட்டினர். கட்டாய உழைப்பின் அறிகுறிகள் உண்டெனக் கூறி, 2020-இல் அமெரிக்கச் சுங்கத்துறை மலேசிய நிறுவனங்கள் இரண்டின் செம்பனை எண்ணெயைத் தடுத்தது. முன்பு அடிமை உழைப்பால் வளர்ந்த நாடே அவ்வினாவை எழுப்பியது, வரலாற்றின் விந்தை. கடன்பட்டு வந்தவனின் கடவுச்சீட்டைப் பிறர் பூட்டி வைத்தால், அது பழைய ஒப்பந்தச் சீட்டின் மறுபிறவியன்றோ?

முன்னோர் பட்ட துயரைச் சொல்லி நீதி கேட்கும் உரிமை நமக்குண்டு. அதே துயரை இன்று சுமப்பவன் வேற்றுமொழி பேசினும், அவனுக்காகவும் குரல் கொடுக்கும்போதே அவ்வுரிமை அறமாகும். மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள் ஆண்டுகளோடு இதனையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.