பழம்பொருளின் மெய்யும் விலையும்

பழைய பொருள் ஒன்று விற்பனைக்கு வரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. இது அதுவேதானா என்பது ஒன்று. கேட்கும் விலை தகுமா என்பது மற்றொன்று. முன்னது மெய்யைப் பற்றியது, பின்னது அறத்தைப் பற்றியது. முன்னதற்கு விடை காணாமல் பின்னதைத் தொட முடியாது.

அமெரிக்காவின் ‘மஸில் கார்’ வகை வண்டிகளில் இச்சிக்கல் தெளிவாகத் தெரியும். பான்டியாக் நிறுவனத்தின் ஜி.டி.ஓ. 1964, 1965 ஆண்டுகளில் தனி மாடலாக விற்கப்படவில்லை. டெம்பெஸ்ட், லெமான்ஸ் வண்டிகளை வாங்குபவர் கூடுதல் பணம் கட்டிச் சேர்த்துக்கொள்ளும் பெரிய இன்ஜின் தொகுப்பாகவே அது இருந்தது. அதனால் அவ்வாண்டுகளின் வண்டி எண்ணைப் பார்த்து மட்டும் ஜி.டி.ஓ.வைக் கண்டுபிடிக்க இயலாது. சாதாரண லெமான்ஸில் அதே காலத்து இன்ஜினையும் எழுத்துப் பட்டைகளையும் பொருத்திவிட்டால் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. உதிரிபாகம் ஒவ்வொன்றும் அதே நிறுவனத்துச் சரக்காகவே இருக்கலாம். தொழிற்சாலைப் பதிவேடு மட்டுமே இரண்டையும் பிரித்துக் காட்டும். அங்கே இரும்பு பொய் சொல்வதில்லை; அதைப் பற்றிய கூற்றுதான் பொய்.

பாகங்கள் மாறிய பின்னும் பொருள் அதுவேதானா என்ற கேள்வி இந்தியச் சிந்தனைக்குப் பழையது. ‘மிலிந்த பஞ்ஹா’ என்னும் பாலி நூலில் நாகசேனர் தேரை எடுத்துக்காட்டாக்குகிறார். அச்சு தேர் அன்று, சக்கரம் தேர் அன்று. எல்லாம் சேர்ந்த இடத்தில் வழங்கும் பெயரே தேர். வைசேடிக மெய்யியலார் இதை ஏற்பதில்லை. அவர்களுக்கு முழுமை என்பது பாகங்களுக்கு வேறான உண்மைப் பொருள். ஆனால் துணியில் ஒரு துண்டு கிழிந்தால் பழைய துணி அழிந்து புதுத் துணி ஒன்று பிறந்துவிடுகிறது என்பார்கள். அந்தக் கணக்கில் இன்ஜின் மாற்றிய வண்டி வேறு வண்டியாகிவிடும்.

கோயில் வழக்கம் மூன்றாவது விடை ஒன்றைத் தருகிறது. திருப்பணியின்போது மூர்த்தியின் சக்தியைக் கலசத்தில் ஏற்றிப் பாலாலயத்தில் வைத்து வழிபடுவார்கள். குடமுழுக்கில் அதை மீண்டும் உரிய இடத்தில் சேர்ப்பார்கள். இடையில் கல் மாறலாம், சுதை மாறலாம். அறுபடாத வழிபாடுதான் அதை அதே கோயிலாக வைத்திருக்கிறது.

நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த விடைக்கே வந்திருக்கிறது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ எனப்பட்ட பென்ட்லி பந்தய வண்டியின் பாகங்கள் காலப்போக்கில் பெரும்பாலும் மாறிவிட்டிருந்தன. அது அசல் அல்ல என்று விலைபேசியவர் வாதிட்டார். 1990இல் லண்டன் உயர்நீதிமன்றம், இடையறாத வரலாறு உடையதால் அது மெய்யான அதே வண்டிதான் என்று தீர்ப்பளித்தது. இந்தியச் சட்டம் சற்றுக் கறாரானது. 2021ஆம் ஆண்டு விதிகளின்படி 50 ஆண்டு கடந்த வண்டி ‘வின்டேஜ்’ என்று பதிவாக வேண்டுமானால் சேசிஸ், உடல்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. சட்டம் இங்கே வைசேடிகர் பக்கம் சாய்கிறது.

மெய்யை நிறுவும் சான்று எழுத்தாகவும் இருக்கலாம், பழகிய கண்ணாகவும் இருக்கலாம். காஞ்சிபுரத்தை அடுத்த கூரம் இவ்விரு வகைகளையும் தந்த ஊர். முதலாம் பரமேசுவரவர்மனின் 7ஆம் நூற்றாண்டுச் செப்பேடு இங்கே கிடைத்தது. கொடுத்தவன் யார், எந்தக் கோயிலுக்கு என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. இதே ஊரில் கிடைத்துச் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கும் நடராசர் செப்புத் திருமேனிக்கு அத்தகைய எழுத்துச் சான்று இல்லை. சோழர் நடராசரைப் போலன்றி முழங்கால் மேல்நோக்கி உயர்ந்த ஊர்த்துவஜானு நிலையையும் வேலைப்பாட்டையும் வைத்தே அதைப் பல்லவர் காலத்தது என்கிறார்கள். எழுத்து இல்லாத இடத்தில் பழகிய கண் சாட்சியாகிறது.

எல்லாப் பொருளுக்கும் அசல், நகல் என்ற பிரிவு ஒரே விதமாகப் பொருந்துவதுமில்லை. கூரத்தில் பிறந்த கூரத்தாழ்வான் இராமானுசருடன் காஷ்மீரம் சென்றார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. போதாயன விருத்தி என்னும் உரைநூலைப் பெயர்த்தெழுத அங்கே இசைவு கிடைக்கவில்லை. ஆழ்வான் படித்து நெஞ்சில் பதித்துக்கொண்டார். ஓலை அங்கேயே நின்றது, நூல் குறைவின்றி வந்துவிட்டது. திருமேனி அப்படி வராது. தஞ்சைப் பகுதிச் சிவபுரத்தில் 1951இல் கிடைத்த நடராசரைப் பழுதுபார்க்கக் கொடுத்தபோது, நகல் ஒன்று ஊருக்குத் திரும்பியது, அசல் கைமாறிப்போனது. 1973இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அதை 9 லட்சம் டாலருக்கு வாங்கியது. வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986இல்தான் அது இந்தியா திரும்பியது.

அசலின் இடத்தில் வேறொன்று நிற்பது எப்போதும் மோசடியா? சோழன் அவைக்கு இராமானுசரை அழைத்தபோது ஆழ்வான் அவருடைய காவியுடுத்து அவராகச் சென்று, தம் கண்களை இழந்தார் என்பது வைணவ மரபு. சிவபுரத்து நகலும் வேறொன்றின் இடத்தில் நின்றதுதான். ஆனால் அங்கே இழப்பு ஏமாந்த ஊரின் தலையில் விழுந்தது; இங்கே வேடம் பூண்டவரே அதை ஏற்றுக்கொண்டார். போலியை அறத்தின் முன் குற்றமாக்குவது உருவ ஒற்றுமை அன்று. இழப்பைப் பிறர்மேல் தள்ளுவதே குற்றம்.

தகுந்த விலைக்கும் இதுவே அளவுகோல். சந்தை விலை எத்தனை பேர் விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லும். தகுமா என்பதைச் சொல்லாது. காஞ்சிபுரத்தில் சுத்த ஜரிகைச் சேலைக்கும் டெஸ்டட் ஜரிகைச் சேலைக்கும் தனித்தனி விலை உண்டு. இரண்டுமே நேர்மையான சரக்கு. இரண்டாவதை முதலாவது என்று சொல்லி விற்கும்போதுதான் விலை களவாகிறது. ஜி.டி.ஓ.வாக மாற்றிய லெமான்ஸும் ‘மாற்றியது’ என்று சொல்லி விற்றால் தனக்குரிய விலையைப் பெறலாம். திருக்குறள் வாணிகத்தின் நேர்மையை நடுவு நிலைமை அதிகாரத்தில் வைத்திருப்பது பொருத்தமானது: விற்பவன் தான் வாங்குபவனாக இருந்தால் அறிய விரும்பும் அனைத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் சொன்ன பின்னும் இருவரும் ஒப்பும் தொகை தகுந்த விலை. ஒன்றை மறைத்தால் மட்டுமே நிற்கும் தொகை, எவ்வளவு குறைவாக இருந்தாலும், தகாத விலை.