சும்மா கிடைத்த ௵

வடகரையில் பெரியப்பாவின் பேத்திக்கு ஆவணியில் கல்யாணம். பத்திரிகை அடிக்க, ஆடிச் சாரலில் நனைந்துகொண்டே தென்காசிக்குப் போனோம். பெரியப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனை. வருஷம், மாசம், தேதி என்று எழுதக் கூடாது. அவருடைய அப்பாவின் கணக்கு நோட்டில் இருக்கிற மாதிரி ௵, ௴, ௳ என்றுதான் போட வேண்டும்.

டிடிபி கடைத் தம்பி அசரவில்லை. 'இருக்கு தாத்தா' என்று இரண்டு நிமிஷத்தில் மூன்றையும் திரையில் கொண்டுவந்து நிறுத்தினார். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் அந்த எழுத்து வேணுமே என்றார்.

'பென் டிரைவ்ல போட்டுத் தாரேன். கடையோட ஸ்பெஷல் ஃபான்ட். முந்நூறு ரூவா.'

எட்டிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த இலவச ஃபான்ட்தான். கூடவே வர வேண்டிய உரிமக் கோப்பைக் காணோம். ஃபான்டுக்குக் கடையின் பெயர் சூட்டப்பட்டிருந்தது. கேட்டேன்.

'நெட்ல சும்மா கெடந்தது சார். சும்மா கெடந்தத எடுத்தா திருட்டா?'

நல்ல கேள்வி. சாரல் விடும்வரை யோசிக்க நேரமும் இருந்தது.

முதலில் ௵ யாருக்குச் சொந்தம்? யாருக்கும் இல்லை. ஊர்க் கணக்குப்பிள்ளைகளும் வியாபாரிகளும் தலைமுறை தலைமுறையாக எழுதி எழுதித் தேய்த்த குறி அது. ரூபாய்க்கான ௹ உட்பட இப்படி எட்டுக் குறிகளுக்கு 2003-ல் யுனிகோட் 4.0 இடம் கொடுத்தது. மாகாணி, முந்திரி போன்ற பின்னங்களையும் பிற பழங்குறிகளையும் சேர்த்து 51 எழுத்துகள் 2019-ல் வந்தன. யுனிகோட் கொடுப்பது கதவிலக்கம் மட்டும்தான். வீட்டுப் பத்திரம் அல்ல.

சரி, அந்தக் குறியை இப்போது அழகாக வரைந்தாரே ஒருவர், அந்த வடிவம்? இங்கே சட்டம் கொஞ்சம் கைவிரிக்கிறது. 'ஆனந்த் எக்ஸ்பாண்டட் இட்டாலிக்ஸ்' என்ற எழுத்துருவுக்குக் காப்பிரைட் கேட்டபோது, 2002-ல் நம் காப்பிரைட் போர்டு முடியாது என்றுவிட்டது. அமெரிக்காவிலும் எழுத்து வடிவத்துக்குக் காப்பிரைட் இல்லை. ஆனால் ஃபான்ட் கோப்பு ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம், அதற்கு உண்டு என்று 1998-ல் அடோபி தொடுத்த வழக்கில் ஒரு கலிஃபோர்னியா நீதிமன்றம் சொன்னது. நம் சட்டமும் புரோகிராமை இலக்கியப் படைப்பு வகையில்தான் சேர்த்திருக்கிறது. கவிதை, நாவலோடு ஒரே பெஞ்சு!

ஆகவே குறி ஊருக்குப் பொது. கோப்பு ஒருவரின் உழைப்பு. அந்த ஒருவர் 'எடுத்துக்கொள்' என்று சொல்லிக் கொடுக்கிறார். சும்மா கிடக்கவில்லை.

கூகுளின் நோட்டோ உட்படப் பல ஃபான்டுகள் வரும் ஓஎஃப்எல் என்ற உரிமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்ஐஎல் என்ற அமைப்பு எழுதியது. அச்சடிக்கலாம், நகல் கொடுக்கலாம், திருத்தலாம். அடித்த கல்யாணப் பத்திரிகைக்கு ஒரு கட்டுப்பாடும் கிடையாது. கேட்பது கொஞ்சம்தான். ஃபான்டைத் தனியாக விற்காதே. காப்பிரைட் வரியையும் உரிமத்தையும் நகலோடு சேர்த்துக் கொடு. திருத்தினால் அதையும் இதே உரிமத்தில் விடு.

குற்றாலத்தில் அருவி எல்லாருக்கும் பொது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்குக் கூலி உண்டு. கேட்டு வாங்கலாம், தப்பில்லை. அதே போல டைப் செய்ய, வடிவமைக்க, ஃபான்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தர இந்தத் தம்பி தாராளமாகக் காசு வாங்கலாம். ஆனால் அருவிக்கு முன்னால் கயிறு கட்டி, 'இது எங்க தண்ணி' என்று டிக்கெட் கிழிக்கலாமா?

'வரைஞ்சவருக்கு என்ன நஷ்டம் சார்?' என்றார். உண்மை. அவருக்குப் பைசா நஷ்டமில்லை. நஷ்டம் எங்கள் பெரியப்பாவுக்கு. முந்நூறு ரூபாயை விடுங்கள். அந்த எழுத்தை மதுரையில் இருக்கும் தம்பிக்குச் சும்மா அனுப்பலாம், பேரன் அதைத் திருத்தலாம் என்கிற செய்தியே அவருக்கு வந்து சேராது. கொடுத்தவர் அவருக்காகக் கொடுத்ததை நடுவில் ஒருவர் வாங்கி வைத்துக்கொள்கிறார். இலவசத்தைத் திருட முடியுமா என்றால், முடியும். அடுத்தவனிடம் அது இலவசம் என்று சொல்லாமல் இருந்தால் போதும்.

இன்னொன்று, பெயர். 2010 ஜூலையில் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ₹ குறி இன்று எல்லாருக்கும் பொது. காய்கறிக் கடைப் பலகை வரை வந்துவிட்டது. வரைந்தவர் நம் தமிழ்நாட்டு உதயகுமார் என்று சொல்ல நமக்கு எவ்வளவு பெருமை! ஆனால் பெரியப்பாவின் ௵-க்குக் கணக்கில்லாத இரவுகள் உட்கார்ந்து வளைவு சரி பார்த்தவரின் பெயர், அந்த உரிமக் கோப்பின் ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது. அவர் வாங்கும் சம்பளமே அந்த ஒரு வரிதான். அதையும் அழித்துவிட்டால்?

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பழைய பெயரிலேயே, உரிமக் கோப்போடு பென் டிரைவில் ஏற்றினார். பெரியப்பா விடாமல் ஐம்பது ரூபாய் கொடுத்தார், ஏற்றித் தந்த கூலிக்கு.

பத்திரிகை வந்தது. பெரியப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

'எல்லாம் சரி. ௵ வால் கொஞ்சம் குட்டையா இருக்கே?'

திருத்திக்கொள்ளலாம் பெரியப்பா. உரிமம் இருக்கிறது.