வடிகால் வாய் உன் கையில்

"நான் ஒருத்தன் யூரியாவைக் குறைச்சா பழையாறு சுத்தமாயிருமாக்கும்?" என்றுதானே கேட்கிறாய், தம்பி? ஆறு முழுக்கத் தெளியாது. உன் வயலுக்குக் கீழே கிடக்கிற குளம் தெளியும். அதற்கு நீயும் பக்கத்து வயல்காரர் நாலு பேரும் தாராளம்.

நாஞ்சில் நாட்டில் தண்ணீர் ஒருவனோடு நிற்பதில்லை. ஒரு குளத்துப் பாசன வயலில் பாய்ந்தது வடிந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. அங்கிருந்து பழையாற்றில் விழுந்து, அடுத்த அணையில் மறுபடி சானல் ஏறி இன்னொருவன் வயலை நனைக்கிறது. மிச்சம்தான் மணக்குடிப் பொழிமுகத்துக்கு. நீ இன்று வீசிய யூரியா நாளைய மழையில் வரப்பு தாண்டினால், ஓடுவது உன் காசு! அதைத் தின்று கொழுப்பது ஆகாயத்தாமரை. குளத்தை மூடும், அழுகும், நீரிலுள்ள உயிர்க்காற்றைக் குடித்து மீனைக் கொல்லும். சுசீந்திரம் தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. உலகம் மதித்த குளத்தில் உன் உரமா மிதக்க வேண்டும்?

"டவுன் சாக்கடையும்தானே வருது, அதை யார் கேட்க?" நீதான் கேட்க வேண்டும்! நாகர்கோவில் கழிவு ஆற்றில் விழுவது உண்மை. ஆனால் ஸ்பிரேயரைச் சானலில் கழுவிய கையால் குறைதீர்க்கும் நாளில் மனு நீட்டினால் குரல் எழும்புமா?

பறளியாற்றுத் தண்ணீரைப் பழையாற்றுக்குத் திருப்பியது பாண்டியன் கால் என்ற வாய்க்கால். 1897-இல் தொடங்கி 1906-இல் எழுந்தது பேச்சிப்பாறை அணை. நம்மவர் 'மூக்கன் துரை' என்று பெயர் வைத்த பொறியாளர் மிஞ்சின் கட்டியது என்பார்கள். துரையா கல் சுமந்தார்? ஆற்றையே திருப்பிய மண்ணில் பிறந்தவனுக்கு ஒரு வடிகாலை அடைக்கத் தெம்பில்லையா?

இந்தக் கும்பப்பூச் சாகுபடியிலேயே தொடங்கு. இலை வண்ண அட்டையைப் பயிரோடு வைத்துப் பார். பச்சை போதுமென்றால் மூட்டையைப் பிரிக்காதே. சந்தேகமா, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தில் போய்க் கேள். மேகம் கறுத்திருந்தால் உரம் வீசாதே. வீசுமுன் மண்வெட்டியை எடுத்து வடிகால் வாயை அடை. இரண்டு மூன்று நாள் திறக்காதே. ஸ்பிரேயர் கழுவிய நீரை அந்த வயலிலேயே தெளி. பிறகு மேல்வயல்காரரிடம் போ, அவர் வடிகாலையும் அடைக்கச் சொல். மறுத்தால் சண்டை போடு. தண்ணீருக்குச் சண்டை போடுவது நமக்கென்ன புதிதா!