முதல் நகர்வு மட்டும் போதாது

ராணியைப் பலி கொடுத்து நான்கே நகர்வில் மாட் வைக்கும் சதுரங்க நிரலைக் கண்டு வியக்கிறோம். அது வெறும் கணக்கு. பதினைந்து நகர்வுகள் கழித்து எதிரி ராஜாவின் அரணை உடைக்கப்போகும் சிப்பாயை நிரல் இன்றே முன்னேற்றுமா என்பதுதான் கடினமான கேள்வி.

1982இல் இவான் பிராட்கோவும் டேனி கோபெக்கும் சதுரங்கத் திறனைச் சோதிக்க 24 நிலைகள் கொண்ட ஒரு தேர்வை வெளியிட்டார்கள். பாதி நிலைகளில் தேவை உடனடி அடி. மறுபாதியில் சிப்பாயை நகர்த்தி எதிரியின் அணியை நெம்பித் திறக்க வேண்டும். அன்றைய நிரல்கள் தடுமாறியது பெரும்பாலும் அங்கேதான்.

2017இல் ஆல்ஃபாஸீரோ என்ற நிரல் 100 ஆட்டங்களில் ஒன்றிலும் தோற்காமல், ஸ்டாக்ஃபிஷ் என்ற மற்றொரு நிரலை 28 முறை வென்றது. விநாடிக்கு ஸ்டாக்ஃபிஷ் அலசியது சுமார் 7 கோடி நிலைகள்; ஆல்ஃபாஸீரோ சுமார் 80,000தான்! காயை இழந்தும் பதறாமல், பலனுக்காகப் பல நகர்வுகள் காத்திருந்த அந்த ஆட்டம் எனக்கு வெற்றிக் கணக்கைவிடப் பெரிது.

ஆகவே நிரலைச் சோதிப்பவர்கள் முதல் நகர்வுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. தேர்வில் தரப்பட்ட நிலையிலிருந்து கடைசிவரை ஆடவிட்டுப் பார்க்க வேண்டும். சிப்பாயைச் சரியாகத் தள்ளிய நிரல், ஐந்தாவது நகர்வில் தாக்குதலையே கைவிட்டுவிடலாம்.