மலைமேல் எழும் பள்ளி

மலைவாழ் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டவேண்டும் என்று கேட்டால், நம் மக்கள் மனமுவந்து தருகின்றனர். அடிக்கல் நாட்டுதல், மந்திரிப்பு, சலவைக்கல்லில் கொடையாளர் பெயர் எல்லாம் குறைவின்றி நடந்தேறும். அங்கே பாடஞ்சொல்லப்போகும் ஆசிரியையின் மாத ஊதியத்துக்கு உதவுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். நீண்ட கை சற்றே தயங்கும். ஊதியத்தின்மேல் பெயர் பொறிக்க இயலாதன்றோ! நாம் கொடுப்பது பிள்ளைகளுக்கா, நம் நினைவுக்கா?

பாகிஸ்தானின் வடபகுதி மலைகளில் பள்ளிகள் கட்டிய கிரெக் மார்டென்சன் என்னும் அமெரிக்கரின் நூல் 2006-இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையாயிற்று. அவரது அமைப்பின் பள்ளிகளுள் சில வெறுமையாய்க் கிடப்பதை 2011-இல் தொலைக்காட்சிச் செய்தியாளர் வெளிப்படுத்தினர். கணக்குகளை ஆராய்ந்த மொன்டானா மாநில அரசுடன் 2012-இல் உடன்பாடு செய்துகொண்டு, ஏறத்தாழ 10 இலட்சம் டாலரைத் திருப்பித் தர அவர் இசைந்தார். நன்கு நடைபெற்ற பள்ளிகளும் அவற்றுள் உண்டு. அதை மறைப்பது நீதியன்று. ஆயினும் சுவர்கள் நிற்க, பள்ளி இல்லாதிருக்கக் கூடும் என்பது தெளிவாயிற்று.

கட்டடம் எழுப்பாமலே பள்ளி அமைத்தவரும் ஒருவர் உண்டு. அவர் இத்தாலி நாட்டின் பிளாரன்சு மறைமாவட்டக் குரு லொரென்சோ மிலானி. கலென்சானோ ஊரில் தொழிலாளருக்கு இரவுப் பள்ளி நடத்திவந்த அவர், 1954 டிசம்பரில் பார்பியானா என்னும் மலைப்பங்குக்கு அனுப்பப்பட்டார். சாலையில்லை, மின்சாரமில்லை, ஆங்காங்கே சிதறிய சில குடியானவர் வீடுகளே பங்கு. பலரும் அதை நாடுகடத்தல் என்றே கருதினர். அவரோ, வந்த மறுநாளே அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தில் தமக்கென ஓரிடம் வாங்கினார். அப்பள்ளியின் அடிக்கல் அதுவே என்போம்.

பங்கு இல்லமே வகுப்பறையாயிற்று. அரசுப் பள்ளி தேர்ச்சியின்றி வெளியேற்றிய ஏழைச் சிறுவர் அங்கே ஞாயிறும் விடுமுறையும் இன்றிக் காலைமுதல் மாலைவரை பயின்றனர். செய்தித்தாளை உரக்கப் படித்து ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்தனர். மூத்தோர் இளையோருக்குக் கற்பித்தனர். ஏழையை ஏழையாகவே வைத்திருப்பது சொல்வளமின்மை என்பது தந்தை மிலானியின் உறுதியான எண்ணம். அவர் கண்டிப்பு மிக்கவர். இக்காலப் பெற்றோர் பலர் அவரிடம் பிள்ளைகளை விடத் தயங்குவர். எனினும், விண்ணிலிருந்து உதவியை அனுப்பிவிட்டு அமைதி கொள்ளாமல், மனிதரிடையே வந்து குடியேறிய இறைவனைப் பற்றி நாம் கற்ற இறையியல் அங்கே செயல்வடிவம் பெற்றதாகவே காண்கிறோம்.

ஆனால் ஒரு தடை எழுகிறது. 1967 ஜூன் 26-இல், 44 வயதில், தந்தை மிலானி இறந்தார். வாங்கிய இடத்திலேயே அடக்கமும் செய்யப்பட்டார். சிறிது காலத்தில் பள்ளியும் நின்றது. உடனிருக்கும் ஓர் ஆள்தான் பள்ளி என்றால், அந்த ஆளோடு அது மறையாதா? சுவராவது மிஞ்சுமே என்பார் கூற்றை எளிதில் தள்ளிவிட முடியாது.

இத்தடைக்கு விடை தேடும்போது நேபாளத்தின் கும்சுங் சிற்றூர் நினைவுக்கு வருகிறது. எவரெஸ்ட்டில் ஏறிய எட்மண்ட் ஹில்லரி 1961-இல் அங்கே ஒரு பள்ளி கட்டினார். அது அவருக்குத் தோன்றிய அறமன்று. செர்ப்பா மக்களே அவரிடம் கேட்டுக்கொண்டது. கேட்டவர்கள் அதைத் தங்களது என்று கொண்டனர். கட்டியவரும் ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடாமல், முதுமைவரை மீண்டும் மீண்டும் அம்மலைக்குச் சென்றுவந்தார். அவர் 2008-இல் மறைந்தார், பள்ளி மறையவில்லை. அங்குப் பயின்றோருள் மலையைவிட்டுத் தொலைதூரம் சென்றவர் பலர். அவர்களுள் ஒருவர் மருத்துவம் கற்றுத் திரும்பி, பக்கத்துச் சிற்றூரான குண்டேயில் 1966-இல் ஹில்லரி எழுப்பிய மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார்.